மரம் எரிந்த இடத்தில் இரும்பு: மைசூரு அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வின் யார்?

எழும்பூர் ரயில் நிலையத்தைத் தினமும் கடந்துபோகிறவர்களுக்கும், மைசூரு அரண்மனை முன்னால் செல்ஃபி எடுக்கிறவர்களுக்கும் பொதுவான ஓர் ஆள் உண்டு. ஆனால் அவர் பெயரைக் கேட்டால் பலரும் முழிப்போம்.

ஹென்றி இர்வின் பிறந்தது 1841-இல். பிரிட்டிஷ் இந்தியாவின் பொதுப்பணித் துறையில் வேலை. சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையை 1888-இல் முடித்துப் பெயர் வாங்கியவர், பிறகு மெட்ராஸ் அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞரானார். பிராசிங்டன் திட்டமிட்ட உயர் நீதிமன்றக் கட்டடம் 1892-இல் திறக்கப்பட்டதில் இர்வினுக்கும் பெரிய பங்கு உண்டு. அதைக் கட்டிய ஒப்பந்ததாரர் நம்பெருமாள் செட்டி.

1897-இல் மைசூரு இளவரசி ஜெயலட்சுமணியின் திருமணத்தின்போது, மரத்தாலான பழைய அரண்மனை தீப்பிடித்து எரிந்தது. மகாராஜா சாமராஜேந்திர உடையார் இறந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. வாரிசுக்கு வயது வரவில்லை. ஆட்சியை நடத்திய மகாராணி கெம்பநஞ்சம்மணி, புதிய அரண்மனையை வடிவமைக்கும் பொறுப்பை 56 வயது இர்வினிடம் கொடுத்தார். உண்மையான கேள்வி அழகு பற்றியது மட்டுமல்ல: அடுத்த முறை தீப்பிடித்தால் கட்டடம் நிற்குமா?

அதுவரை நம்ம ஊரில் மேல்தளம் என்றால் பெரும்பாலும் ‘மெட்ராஸ் டெரஸ்’தான். தேக்கு உத்தரங்களைப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குறுக்காக, செங்குத்தாக அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்பு. வெயிலுக்கு அருமை, ஆனால் உத்தரம் எரிந்தால் தளமே கீழே வந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டு கண்ட மாற்று ‘ஜாக் ஆர்ச்’. இரண்டு இரும்பு கர்டர்களுக்கு நடுவே செங்கல்லால் சின்ன வளைவு கட்டுவது. வளைவு பக்கவாட்டில் தள்ளும் என்பதால், கர்டர்களை இரும்புக் கம்பியால் பிணைக்க வேண்டும். இரும்பு எரியாது, ஆனால் சுமார் 550 டிகிரி செல்சியஸில் எஃகு பாதி வலுவை இழந்துவிடும். அதனால்தான் இரும்பைச் சுற்றிச் செங்கல்லோ கான்கிரீட்டோ போர்த்துகிறார்கள். இன்றைய ஐ.டி. வளாகங்களில் எஃகுத் தகட்டின் மேல் கான்கிரீட் ஊற்றும் தளங்களிலும், தீயிலிருந்து எஃகைக் காப்பது அதே தலைவலிதான்.

அரண்மனையில் இர்வின் மரத்தைக் குறைத்து, கல், செங்கல், இரும்பு என்று போனார். எண்கோணக் கல்யாண மண்டபத்தில் நிற்கும் வார்ப்பிரும்புத் தூண்களை கிளாஸ்கோவின் வால்டர் மெக்ஃபார்லேன் வார்ப்பாலையிலிருந்து வரவழைத்தார். வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் உடையும். தூணுக்குப் பொருத்தம், உத்தரத்துக்கு ஆபத்து. தளத்தில் நின்று வேலையைக் கவனித்தவர் நிர்வாகப் பொறியாளர் பி.பி. ராகவுலு நாயுடு. (சுற்றுலா வழிகாட்டிகள் இவரையும் கொஞ்சம் சொல்லலாம்.) 1912-இல் முடிந்தபோது செலவு சுமார் 41.5 லட்சம் ரூபாய்.

இதற்கிடையே 1908-இல் எழும்பூர் நிலையமும், அடுத்த வருஷம் விக்டோரியா நினைவு மண்டபமும் திறக்கப்பட்டன. இர்வின் 1922-இல் இறந்தார்.

அரண்மனைக்குக் கொஞ்ச தூரத்திலேயே கதை வேறு. 2012-இல் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். 2016-இல் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதியும் சரிந்தது. இரண்டையும் இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்று மைசூருவில் வருஷக்கணக்கில் வாதம் நடந்தது.