டிரிக்லெ

பீட்டர் குஸ்டாவ் லெஜூன் டிரிக்லெ (பெப்ரவரி 13, 1805 – மே 5, 1859) ஒரு ஜெர்மானியக் கணிதவியலர். எண் கோட்பாட்டிலும் ஃபூரியே தொடர்களிலும் அடிப்படைத் தேற்றங்களை நிறுவியவர். சார்பு என்ற கருத்துக்கு இன்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் வரையறை உருப்பெற்றதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

வாழ்க்கை

அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த டியூரன் நகரில் பிறந்தார். கொலோனில் பயின்றபோது இயற்பியலர் ஓம் இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். 1822இல் பாரிஸ் சென்று, அடுத்த ஆண்டு முதல் தளபதி ஃபுவாவின் இல்லத்தில் அவருடைய பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1825இல் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தில் அடுக்கு 5 ஆக உள்ள நிலையின் ஒரு பகுதியை நிறுவிப் புகழ்பெற்றார். 1827இல் பிரெஸ்லாவிலும் 1828 முதல் பெர்லினிலும் பணியாற்றினார். 1832இல் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோனின் தங்கை ரெபெக்காவை மணந்தார்.

சார்பின் வரையறை

18ஆம் நூற்றாண்டில் சார்பு என்றால் பெரும்பாலும் ஒரு வாய்பாடு என்றே கருதப்பட்டது. எந்தச் சார்பையும் முக்கோணவியல் தொடராக விரிக்கலாம் என்று ஃபூரியே கூறியபோது, எவையெல்லாம் சார்பு என்ற கேள்வி எழுந்தது. அத்தொடர் எந்நிலைகளில் ஒருங்கும் என்பதை டிரிக்லெ 1829இல் கண்டிப்பான முறையில் நிறுவினார். x விகிதமுறு எண்ணாயின் ஒரு மதிப்பும் விகிதமுறா எண்ணாயின் வேறொரு மதிப்பும் கொள்ளும் சார்பையும் அக்கட்டுரையில் எடுத்துக்காட்டினார். இதன் வரைபடத்தை எவராலும் வரைய இயலாது. எனினும் இது சார்பே.

1837இல் தொடர்ச்சியான சார்புகளைப் பற்றி எழுதுகையில், ஒவ்வொரு x-க்கும் ஒரேயொரு y அமைந்தால் போதும், எல்லா இடத்திலும் ஒரே விதி வேண்டுவதில்லை என்றார். பின்வந்தோர் இதனை எல்லாச் சார்புகளுக்கும் பொதுவாக்கினர். ஓர் உறவு சார்பா என அறியும் சோதனையும் இதுவே. y = x² என்பதில் ஒவ்வொரு x-க்கும் ஒரு y மட்டுமே உள்ளது; எனவே அது சார்பு. 2, –2 இரண்டும் 4 என்ற ஒரே மதிப்பைப் பெறுவது தடையன்று. மாறாக x² + y² = 1 என்னும் வட்டத்தில் x = 0 எனில் y-க்கு 1, –1 என இரு மதிப்புகள் கிடைக்கின்றன. எளிய வாய்பாடு இருந்தும் அவ்வுறவு சார்பன்று. வரைபடத்தில், y அச்சுக்கு இணையான ஏதேனுமொரு கோடு வளைவரையை ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகளில் வெட்டினால் அது சார்பாகாது.

எண் கோட்பாடு

பொதுக் காரணியற்ற a, d என்ற இரு இயல் எண்களைக் கொண்டு அமையும் a, a+d, a+2d, ... என்ற கூட்டுத் தொடரில் முடிவிலாப் பகா எண்கள் உள்ளன என்பதையும் 1837இல் நிறுவினார்.

இறுதிக்காலம்

காஸ் 1855இல் மறைந்தபின் அவருடைய இடத்தில் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1858இல் சுவிட்சர்லாந்து சென்றிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டது. அவர் நோயுற்றிருக்கையிலேயே அவ்வாண்டு டிசம்பரில் ரெபெக்கா காலமானார். சில மாதங்களில் டிரிக்லெயும் மறைந்தார். அவருடைய எண் கோட்பாட்டு விரிவுரைகளை டெடிகிண்ட் 1863இல் நூலாகப் பதிப்பித்தார்.