உரிமை கேளாத அன்னை

பிரான்சு நாட்டின் வடமேற்குக் கடற்கரையிலே கன்கால் என்றொரு மீனவர் ஊர் உண்டு. அவ்வூரில் 1792ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் பிறந்தவர் ஜீன் ஜுகான். கடலுக்குப் போன தந்தை திரும்பி வரவில்லை. அப்போது குழந்தைக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. வளர்ந்ததும் ஜீன் பணக்கார வீட்டுச் சமையலறையில் வேலை செய்தார். ஒரு மாலுமி பெண் கேட்டபோது மறுத்துவிட்டார். பின்பு சென் செர்வான் நகரில் ஆஸ்பத்திரிப் பணி. அதன்பின் ஒரு சீமாட்டிக்குத் துணையாகப் பல ஆண்டுகள். நாற்பத்தேழு வயது மட்டும் அவர் ஊரறியாத ஒரு வேலைக்காரிதான்.

1839ஆம் ஆண்டின் குளிர்காலம். கண் பார்வையற்று, உடலும் பாதி முடங்கி, ஆதரவின்றிக் கிடந்த ஆன் ஷோவென் என்னும் கைம்பெண்ணைத் தூக்கிக்கொண்டு, தம் வாடகை வீட்டின் படியேறினார் ஜீன். தமது கட்டிலையே அக்கிழவிக்குக் கொடுத்துவிட்டுத் தாம் பரண் அறையில் படுத்துக்கொண்டார். பிறகு இன்னொரு கிழவி வந்தாள், இன்னும் பலர் வந்தனர். அவர்களுக்குச் சோறு வேண்டுமே! கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கப் புறப்பட்டார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்று இன்று நாம் அறிந்துள்ள கன்னியர் சபை பிறந்த விதம் இதுவே.

சோதனை வெளியிலிருந்து வரவில்லை. 1843 டிசம்பர் 8ஆம் நாள் சகோதரிகள் ஜீனையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். பதினைந்தே நாளில், டிசம்பர் 23ஆம் நாள், அவர்களுக்கு ஆன்ம வழிகாட்டியாயிருந்த லெ பையர் என்னும் இளங்குருவானவர் அத்தேர்தலைத் தள்ளிவிட்டு, தமது சொற்படி நடக்கும் 23 வயது மரி ஜாமே என்பவரைத் தலைவியாக்கினார். நம் பங்கிலே ஒரு சபைக் கட்டிலின் பொருளாளர் பதவி கைமாறினாலே எத்தனை மாதத்து மனத்தாங்கல்! ஜீனோ மறுநாளும் கூடையை எடுத்தார்.

ஊருக்கு உண்மை தெரியாமலில்லை. 1845இல் பிரெஞ்சுக் கலைக்கழகம் அவரது தொண்டுக்காக 3,000 பிராங்க் பரிசளித்தது. ரென், தினான், ஆன்ழே நகரங்களில் இல்லங்கள் எழும்ப அவர் நடையாய் நடந்தார். தலைவி என்ற பெயர் மட்டும் அவருக்கில்லை.

1852இல் அந்தக் கூடையும் போயிற்று. பிச்சைக்குப் போகவேண்டாம், உபகாரிகளோடு தொடர்பும் வேண்டாம் என்று தாய் இல்லத்தில் இருத்தப்பட்டார். 1856இல் சென் பெர்ன் ஊரிலுள்ள லா தூர் இல்லத்திற்குப் போனார். சாகும்வரை மொத்தம் 27 ஆண்டுகள் இப்படியே கழிந்தன. லெ பையரே சபையை நிறுவியவர் என்றும், ஜீன் மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் என்றும் நவகன்னியருக்குக் கற்பிக்கப்பட்டது. அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த சிலுவையின் மரியாள் என்னும் முதிய சகோதரி யாரென்று அப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. ஜெபமாலையை உருட்டிக்கொண்டும், இளையவர்களுக்குத் தாழ்ச்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

இது வாயற்ற பூச்சியின் மௌனமா? அப்படி நாம் எண்ணக்கூடாது என்பதற்கு 1865ஆம் ஆண்டின் செய்தி ஒன்று உண்டு. நிலையான வருமானம் தரும் சொத்துக்களைச் சபை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அதுவரை ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஜீனை ஆலோசனைக்கு அழைத்தார்கள். அவர் தயங்கவில்லை, வேண்டாம், அன்றாடம் தேவ பராமரிப்பையே நம்பியிருப்போம் என்று உறுதியாகச் சொன்னார். சபையும் அப்படியே தீர்மானித்தது. ஏழைகளின் காரியத்தில் பேசத் தெரிந்த அந்த நாவு, தம் காரியத்தில் மட்டும் பேசவில்லை. குருவானவர் செய்தது நியாயமென்று நாம் சொல்லவரவில்லை. அது அநியாயமே. ஆனால் கணக்கைத் தீர்க்கும் வேலையை ஜீன் ஆண்டவரிடம் விட்டுவிட்டார். அவருக்கு வேறு வேலை இருந்தது.

1879 ஆகஸ்ட் 29ஆம் நாள், 86ஆம் வயதில், லா தூரில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேதான் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் சபையின் ஒழுங்குகளை அங்கீகரித்திருந்தார். அப்போது சகோதரிகள் ஏறக்குறைய 2,400 பேர்.

1890இல் லெ பையர் உரோமைக்கு அழைக்கப்பட்டுப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மரி ஜாமேயும் தம் இறுதிக் காலத்தில், முதல் சகோதரி தாமல்ல, ஜீனே என்று ஒத்துக்கொண்டார். 1982 அக்டோபர் 3ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்; 2009 அக்டோபர் 11ஆம் நாள் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவரைப் புனிதையாக உயர்த்தினார். அவருடைய சகோதரிகள் நம் சென்னையிலும் ஆதரவற்ற முதியோருக்கு இல்லம் நடத்துகிறார்கள்.