உரிமையைக் கேட்டார், பகையை வளர்க்கவில்லை

ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் யார்? நண்பர்களே, இந்தக் கேள்விக்கு நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? 1953ஆம் ஆண்டு அந்த நாற்காலியில் அமர்ந்தவர் விஜயலட்சுமி பண்டிட். நேருவின் தங்கை என்று ஒரே வார்த்தையில் அவரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் அதற்கு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கணவரை இழந்து, கையில் காசு இல்லாமல், மூன்று பெண் பிள்ளைகளோடு நின்றவர். அந்தக் கதை நம்ம இளைஞர்களுக்கு அவசியம் தெரிய வேண்டும்.

அவர் 1900 ஆகஸ்டு 18ஆம் தேதி அலகாபாத்தில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சொரூப் குமாரி. தந்தை மோதிலால் நேரு பெரிய வழக்கறிஞர். செல்வத்துக்குக் குறைவே இல்லை. பள்ளிக்கூடம், கல்லூரி என்று போகாமல் வீட்டிலேயே ஆசிரியர் வைத்துப் படித்தார். 1921இல் ரஞ்சித் சீதாராம் பண்டிட்டை மணந்தார். அந்தக் குடும்ப வழக்கப்படி மணமகளுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். அப்படி வந்ததுதான் விஜயலட்சுமி. ரஞ்சித் வழக்கறிஞர், வடமொழி அறிஞர். காஷ்மீர மன்னர்களின் வரலாறான ராஜதரங்கிணியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்.

கணவன், மனைவி இருவருமே சுதந்திரப் போராட்டத்தில் குதித்தார்கள். விஜயலட்சுமி மூன்று முறை சிறைக்குப் போனார். 1942இல் நைனி சிறையில் அவரோடு மூத்த மகள் சந்திரலேகாவும் அண்ணன் மகள் இந்திராவும் இருந்தார்கள். ஒரே குடும்பத்துப் பெண்கள் மூன்று பேர் ஒரே சிறையில்!

அதற்கு முன்பே, 1937இல், ஐக்கிய மாகாணத் தேர்தலில் வென்று உள்ளாட்சி, பொதுச் சுகாதார அமைச்சராகியிருந்தார். இந்தியாவில் அமைச்சரான முதல் பெண் அவர்தான். இந்தியர்களைக் கேட்காமலே பிரிட்டன் 1939இல் நாட்டைப் போரில் இழுத்துவிட்டபோது, காங்கிரஸ் அமைச்சர்கள் எல்லாரும் பதவி விலகினார்கள். அவரும் விலகினார்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். 1944 ஜனவரியில் ரஞ்சித் இறந்துபோனார். சிறைவாசம் அவர் உடம்பைக் கெடுத்துவிட்டிருந்தது. உயில் எழுதி வைக்கவில்லை. இருந்த மூன்றும் பெண் பிள்ளைகள். ஆண் வாரிசு இல்லாத விதவை என்பதால், அன்றைய நடைமுறைப்படி கணவர் வீட்டுச் சொத்து அவர் கைக்கு வரவில்லை. கணவரின் சகோதரர் உரிமை கொண்டாடினார். யோசித்துப் பாருங்கள். அமைச்சராக இருந்தவர், அகில இந்திய மாதர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவருக்கே இந்தக் கதி என்றால், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து விதவையின் நிலை என்ன?

மனம் கசந்து போயிருந்தார். அந்த நேரத்தில் அமெரிக்காவுக்குப் போக வாய்ப்பு வந்தது. கிளம்பும் முன் காந்தியைப் பார்க்கப் போனார். கணவர் வீட்டாரோடு சமாதானம் ஆகிவிட்டாயா என்று காந்தி கேட்டார். அவர்களோடு எனக்கு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பதுதான் விஜயலட்சுமியின் பதில். வெறுப்பைச் சுமந்துகொண்டு அந்நிய நாட்டுக்குப் போகாதே, அது உன்னைத்தான் கெடுக்கும், போய் விடைபெற்று வா என்று காந்தி எடுத்துச் சொன்னார். பிடிக்காமல்தான் போனார். ஆனால் போய்ப் பார்த்த பிறகு மனசு லேசானது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

1945இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா.வை உருவாக்கும் மாநாடு நடந்தது. இந்தியாவின் பெயரில் அங்கே உட்கார்ந்தது பிரிட்டிஷ் அரசு அனுப்பிய குழு. அதற்குத் தலைவர் நம்ம தமிழர், ஆற்காடு ராமசாமி முதலியார். பெரிய திறமைசாலிதான், ஆனாலும் அடிமை நாட்டின் பிரதிநிதி. விஜயலட்சுமிக்கு உள்ளே இடம் கிடையாது. அவர் வெளியே கூட்டம் போட்டு, பத்திரிகையாளர்களைச் சந்தித்து, இந்திய மக்களின் குரல் இதுதான் என்று பேசினார்.

அடுத்த வருஷமே நிலைமை மாறியது. 1946இல் ஐ.நா.வுக்குச் சென்ற இந்தியக் குழுவுக்கு அவரே தலைவர். கையில் எடுத்த வழக்கு தென்னாப்பிரிக்க இந்தியர்களுடையது. இதில் நமக்கும் சம்பந்தம் உண்டு. 1860இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனவர்களில் பலர் தமிழர்கள். நம்ம பாட்டன்மார் மலாயாத் தோட்டங்களுக்கு வந்ததைப் போலத்தான் அவர்களும் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை அந்த மண்ணின் பிள்ளை. அந்த மக்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தி, 1946இல் தென்னாப்பிரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் தளபதி ஸ்மட்ஸ். இது எங்கள் உள்நாட்டு விவகாரம், ஐ.நா. தலையிடக் கூடாது என்பது அவர் வாதம். மனித உரிமைக்கு எல்லைக்கோடு கிடையாது என்பது விஜயலட்சுமியின் வாதம். டிசம்பர் 8ஆம் தேதி வாக்கெடுப்பு. இந்தியாவுக்கு 32, எதிராக 15. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது. இன்னும் சுதந்திரமே அடையாத ஒரு நாடு ஜெயித்தது!

ஜெயித்தவுடன் அவர் செய்த காரியம்தான் பெரியது. நேராக ஸ்மட்ஸிடம் போனார். நான் ஏதாவது தகாத வார்த்தை பேசியிருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார். ஊரிலிருந்து கிளம்பும்போதே காந்தி சொல்லி அனுப்பியிருந்தார்: வழக்கில் வாதாடு, ஆனால் அந்த மனிதரை அவமதிக்காதே. தென்னாப்பிரிக்காவில் தன்னைச் சிறையில் போட்ட அதே ஸ்மட்ஸுக்குத் தன் கையால் செருப்பு தைத்துக் கொடுத்தவர் அல்லவா காந்தி!

சுதந்திரத்துக்குப் பிறகு 1947இல் மாஸ்கோவில் தூதரானார். ஸ்டாலின் அவரை ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. 1949இல் வாஷிங்டன். நாட்டில் உணவுப் பஞ்சம் வந்தபோது 20 லட்சம் டன் தானியம் கேட்டு அமெரிக்க அரசை அணுகினார். பல மாத இழுபறிக்குப் பின் 1951இல் 19 கோடி டாலர் கடனுக்கு அந்நாடு சட்டம் இயற்றியது. பிறகு ஐ.நா. தலைமை. 1954 முதல் 1961 வரை லண்டனில் தூதர். ஒருகாலத்தில் அவரைச் சிறையில் அடைத்த அரசின் தலைநகரிலேயே, சுதந்திர இந்தியாவின் பிரதிநிதி!

அண்ணன் பிரதமர், அதனால்தான் பதவி கிடைத்தது என்று அன்றும் பேசினார்கள். குடும்பப் பெயர் கதவைத் திறந்தது உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1975இல் அண்ணன் மகள் இந்திரா நெருக்கடி நிலையைக் கொண்டுவந்தபோது, குடும்பம் என்று பார்த்து அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. 77 வயதை நெருங்கிய நிலையில், 1977 தேர்தலில் இந்திராவுக்கு எதிராகவே மேடை ஏறினார். 1990 டிசம்பர் 1ஆம் தேதி டேராடூனில் காலமானார்.

அவர் லண்டனில் தூதராக இருந்த காலத்தில், 1956இல், இந்தியாவில் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. விதவைக்கும் மகளுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்று அது சொன்னது. அவர் குடும்பத்துக்கு அது பன்னிரண்டு வருஷம் தாமதம். ஆனால் பின்னால் வந்த பெண்களுக்கு அது கிடைத்தது.

நண்பர்களே, நம்ம வீடுகளிலும் சொத்துத் தகராறு இருக்கிறது. இயக்கக் கிளைகளில் பதவித் தகராறு இருக்கிறது. உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் உறவு நிலைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். உறவை முறித்தால்தான் உரிமை கிடைக்கும் என்று வேறு சிலர். இரண்டும் தேவையில்லை என்று வாழ்ந்து காட்டிய ஒரு பெண்மணி இருந்தார். அடுத்த முறை யாரோடாவது மோத வேண்டி வந்தால், வாக்கெடுப்பில் ஜெயித்த பிறகு ஸ்மட்ஸை நோக்கி அவர் நடந்து போனதை நினைத்துக்கொள்ளுங்கள்.