குன்னூர் கண்ட மெக்காரிசன்

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் போதும், நம் வகுப்பறைகளில் பாடத்தின் ஒலியைவிடத் தும்மலின் ஒலியே ஓங்கி நிற்கும். விடுதி நண்பர்கள் பலரின் தலைமாட்டில் வைட்டமின் 'சி' மாத்திரை இருக்கும். சளிக்கு அதுவே மருந்து என்ற நம்பிக்கையை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்க அறிஞர் லைனஸ் பாலிங்; 1970-இல் வெளிவந்த அவர் நூலே அதற்கு வித்து. பின்னர் நடந்த சோதனைகளோ வேறு கூறின. நாள்தோறும் உண்போர்க்குச் சளி சற்று விரைவில் விலகும். ஆனால் வராமல் தடுக்காது. வந்தபின் விழுங்குவதால் உறுதியான பயனும் இல்லை.

மாத்திரையில் அன்றிச் சோற்றுத் தட்டிலேயே உயிர்ச்சத்தைத் தேடிய ஒருவர் நம் நீலகிரிக் குன்னூரில் வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ராபர்ட் மெக்காரிசன் 1878-இல் வட அயர்லாந்தில் பிறந்தார். மருத்துவம் பயின்று, 1901-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். கில்கிட் மலைநாட்டில் கழுத்துக் கழலையால் வருந்துவோரைக் கண்டார். அவ்வூர்க் குடிநீரை வடிகட்டி, தங்கிய கசடைத் தாமே உட்கொண்டு சோதித்தார். அவர் கழுத்தும் வீங்கிற்று! அத்துணிவை என்னென்பது! ஆயினும் நீரின் அழுக்கே காரணம் என்று அவர் கொண்டது முழு உண்மையன்று. அயோடின் என்னும் தாதுவின் குறைவே முதற்காரணம் எனப் பின்னர் நிலைபெற்றது.

1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் ஓயும் நோய் அது. பச்சரிசியை ஆலையில் வெளுக்கத் தீட்டி உண்ணும் ஊர்களில் அது மிகுதி. இங்கேதான் தஞ்சைத் தரணியினராகிய நாம் காது கொடுக்க வேண்டும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள 'பி' உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்குகிறது. புழுங்கலரிசி உண்ட மாவட்டங்களில் பெரிபெரி அரிதாயிருந்ததன் காரணம் இதுவே. குன்னூரில் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு முதலியோர் இதை விளக்கினர். வெள்ளை வெளேரென்ற சோறு நமக்கு, தவிடு மாட்டுக்கு என்று பிரித்த புண்ணியவான் யாரோ!

சிக்கனத்தின் பெயரால் அரசு 1923-இல் அவ்வாய்வை நிறுத்திற்று. 1925-இல் மீண்டும் உயிர் பெற்றது. அதன்பின் செய்ததே அவருடைய புகழ்பெற்ற எலிச் சோதனை. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவைத் தனித்தனி எலிக் கூட்டங்களுக்கு ஊட்டினார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி உண்ட 'சீக்கிய' எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. சோற்றையே மலையாகக் குவித்த 'மதராஸ்' எலிகள் கடைசி இடத்தில் நின்றன. கேட்கச் சற்று உறைக்கத்தான் செய்கிறது! குறையுணவு உண்ட எலிகளுக்கு மூக்கு, காது, நுரையீரல் நோய்கள் மலிந்தன. நல்லுணவு பெற்ற ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளிடம் அவை தலைகாட்டவில்லை.

எலி வேறு, மனிதன் வேறுதான். வயிறார உண்பவனுக்கும் சளி பிடிக்கும். ஆனால் அது மார்புச் சளியாய் முற்றிப் படுக்கையில் தள்ளுவது பெரும்பாலும் ஊட்டம் குன்றிய குழந்தையைத்தானே? கீரையும் மோரும் நெல்லிக்காயும் நம் வயல்வெளிக்கு எட்டாதவை அல்ல. விடுதிச் சாப்பாட்டில் ஏனோ அவை எட்டுவதில்லை.

1933-இல் 'சர்' பட்டம் பெற்ற அவர், 1935-இல் ஓய்வு பெற்று ஆக்ஸ்போர்டில் குடியேறினார். அந்த ஓர் அறை ஆய்வகம் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அது குன்னூரை விட்டு நீங்கிய இரண்டாம் ஆண்டில், 1960-இல், மெக்காரிசன் மறைந்தார்.