தோமா அடிகளும் அரசன் காசும்

தாம்பரத்தினின்று மின்சார வண்டியில் சென்னைக்குச் செல்லும் நம் மாணவர், பல்லாவரம் கடந்த சிறிது நேரத்தில் பரங்கிமலையைக் காண்பர். அதன் உச்சியிலுள்ள கோயில் தூய தோமா அடிகளின் நினைவாக எழுந்ததென்பதை யாவரும் அறிவர். ஆயின், அவர் வரலாற்றுக்கு ஒரு பழங்காசு துணைநின்ற செய்தியை அறிந்தார் சிலரே. அதனைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயேசுபெருமானின் பன்னிரு சீடருள் ஒருவர் தோமா. அவர் பெயர் அரமேய மொழியில் இரட்டையர் எனப் பொருள்படும். யூதேயாவிற்கு மீண்டுஞ் சென்றால் பகைவர் கல்லெறிவர் என ஏனைச் சீடர் அஞ்சியகாலை, ஆசிரியரோடு சென்று மடியவும் முன்வந்தவர் இவரே. வழி விளங்காதபோது விளங்கவில்லையென்று வெளிப்படையாகக் கூறியவரும் இவரே. உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்டோமெனப் பிறர் கூறியதை ஏற்காது, காயங்களைத் தொட்டறிய வேண்டுமென்றவரும் இவரே. எட்டு நாட்களின்பின் ஆண்டவர் எதிரே நின்றபோது, ஐயம் முற்றும் நீங்கி அவரைத் தம் கடவுளென அறிக்கையிட்டார். உலகமோ அவர் துணிவை மறந்து, ஐயத்தை மட்டுமே நினைவிற் கொண்டது.

அவருடைய பிற்கால வாழ்வைப் புதிய ஏற்பாடு கூறவில்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டளவில் சிரியா மொழியில் எழுந்த தோமாவின் நடபடிகள் என்னும் நூல் அதனை விரித்துரைக்கின்றது. அப்போஸ்தலர் சீட்டுப் போட்டு நாடுகளைப் பங்கிட்டபோது இந்தியா தோமாவுக்கு வீழ்ந்தது. அவர் செல்ல இசைந்திலர். பின்னர், தச்சுத்தொழில் வல்ல அடிமையாக அப்பான் என்னும் வணிகனுக்கு விற்கப்பட்டு, கொந்தபரன் என்னும் அரசனை அடைந்தார். அரசன் மாளிகை கட்டப் பொருள் கொடுத்தான். அடிகள் அதனை ஏழைகளுக்கு ஈந்துவிட்டார். மாளிகை எங்கேயென வினவிய அரசன், அது விண்ணுலகில் எழுந்துளதென்ற விடை கேட்டுச் சினந்து அவரைச் சிறையிலிட்டான். அப்போது இறந்த அரசன் தம்பி காத் என்பான், விண்ணில் அம்மாளிகையைக் கண்டு, உயிர்பெற்று மீண்டு அதனை உரைத்தான். அரசன் மனந்திரும்பினான். முடிவில் மஸ்தாய் என்னும் வேறோர் அரசன் நாட்டில், வீரர் ஈட்டியாற் குத்த அடிகள் உயிர்துறந்தார் என்பது அந்நூற் கதை.

கொந்தபரன் என்ற பெயர் கிரேக்க, உரோம ஆசிரியர் நூல்களிற் காணப்படாமையால், கதையோடு அரசனும் கற்பனையே என்று கருதியோர் பலர். 1830-களில் சார்லஸ் மாசன் முதலியோர் ஆப்கானிய நாட்டில் பழங்காசுகளைத் திரட்டினர். அவற்றுட் சிலவற்றில் ஒருபுறம் கிரேக்க எழுத்திலும் மறுபுறம் கரோஷ்டி எழுத்திலும் அவ்வரசன் பெயரே பொறிக்கப்பட்டிருந்தது! பெஷாவர்ப் பக்கத்துத் தக்த்-இ-பாஹிக் கல்வெட்டும் அவனது இருபத்தாறாம் ஆட்சியாண்டைக் குறித்தது. அதுகொண்டு அவன் கி.பி. 20-ஐ ஒட்டி அரியணை ஏறினான் என அறிஞர் பலர் கணித்தனர். ஆகவே, அவன் தோமாவின் காலத்தவனே.

ஆனால், காசு சொல்லாததை நாம் சொல்லுதல் தகாது. அப்தகசன் என்பான் அவ்வரசனுடைய உடன்பிறந்தான் மகனெனக் காசுகள் கூறுகின்றன. ஆதலின் அரசனுக்கு உடன்பிறந்தான் இருந்தமை தெளிவு. அவன் காத் என்பானா என்பதைக் காசு கூறவில்லை. தோமா அங்கு வந்ததையும் கூறவில்லை. தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. பெருவழுதி எனப் பொறித்த பாண்டியர் காசு கிடைத்தபின், சங்கப் பாடல்களில் வரும் வழுதியர் பெயர் உண்மையென அறிந்தோம். பாட்டிலுள்ள நிகழ்ச்சிகள் அனைத்தையும் அக்காசு மெய்ப்பிக்கவில்லையே!

தென்னாட்டு ஐதிகம் வேறொரு வழியைக் கூறும். அடிகள் கி.பி. 52-இல் கொடுங்கல்லூர்க் கரையில் இறங்கி, மலையாள நாட்டிற் சபைகளை நிறுவி, மயிலாப்பூர் வந்து, சின்னமலைக் குகையில் தங்கி, கி.பி. 72-இல் பரங்கிமலையில் இரத்தசாட்சியாக மரித்தார் என்பர். பதினாறாம் நூற்றாண்டில் மலைமேற் கோயிலுக்கு அடித்தளம் தோண்டிய போர்ச்சுகீசியர், பாலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவையைக் கண்டெடுத்தனர். அந்நூற்றாண்டிலேயே அவர்கள் கோவாவில் அடிகள் உருவம் பொறித்த பொற்காசு அடித்து, அதற்குச் சாந்தோம் என்றே பெயரிட்டனர். முந்தைய காசு அரசன் தன் பெயர் நிலைக்க அடித்தது. பிந்தையது அடியவர் நினைவு நிலைக்க அடித்தது. பின்னது பக்திக்குச் சான்றேயன்றி வருகைக்குச் சான்றன்று.

சிறுவனாய் என் பாட்டியாரின் கைபிடித்து அம்மலைப் படிகளில் ஏறியபோது எனக்கு ஐயம் ஒன்றும் இருந்ததில்லை. கல்லூரியிற் சான்று வினவக் கற்றபின், அவ்வாறு வினவுதல் பாட்டியாரின் நம்பிக்கைக்குத் துரோகமாகுமோ என்று அஞ்சினேன். தோமா அடிகளின் வாழ்க்கையே அவ்வச்சத்தை நீக்கிற்று. தொட்டறிய விரும்பியவரை ஆண்டவர் தள்ளிவிடவில்லை, அருகே அழைத்தார். ஐயத்தை மறையாது வெளியிட்டவரே, உண்மை கண்டபின் தொலைநாடு சென்று உயிரையும் ஈந்தார் எனத் திருச்சபை போற்றுகின்றது. நாமும் நேர்மையாக வினவுவோம். கிடைத்த சான்றை மிகைப்படுத்தாது கொள்வோம். அடுத்தமுறை வண்டியினின்று அம்மலையைக் காணும் அன்பர், ஐயுற்ற அடியவரை அன்போடு நினைப்பாராக.