மருத்துவம் படிக்க மனுப்போட்ட ஆனந்திபாய்



இந்த மாதம் சுவர் இதழில் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்று தமிழம்மா சொன்னார்கள். நான் கை தூக்குறதுக்குள்ள காந்தியடிகள், காமராசர், அப்துல் கலாம் எல்லாரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நான் எழுத நினைத்தது ஆனந்திபாய் ஜோஷியைப் பற்றி. ஏன் அவங்களைப் பத்தி எழுதணும்னு நினைச்சேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பத்தா

போன வருஷம் எங்க அப்பத்தாவுக்கு உடம்பு சரியில்லை. நான்தான் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவேன். மூன்று தடவை போனோம். அங்கே இருந்த டாக்டர் நல்லவர், பொறுமையாகக் கேட்பார். ஆனாலும் அப்பத்தா ஒவ்வொரு தடவையும் முட்டிவலி என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அடிவயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுத்துக்கும். ஆம்பள டாக்டர்கிட்ட அதையெல்லாம் எப்படிச் சொல்றது என்று என்னையே திட்டும். நாலாவது தடவை போனபோது ஒரு லேடி டாக்டர் இருந்தார். அப்பத்தா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போய் ரொம்ப நேரம் பேசியது. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆபரேசன் செய்து இப்போது நன்றாக இருக்கிறது. இன்னும் முன்னாலேயே வந்திருந்தால் ஆபரேசன் இல்லாமலே சரி பண்ணியிருக்கலாம் என்று அந்த டாக்டர் சொன்னார்.

இதே விஷயத்தை 1883ஆம் ஆண்டிலேயே, பதினெட்டு வயசுப் பெண் ஒருவர் தன் மனுவில் எழுதியிருக்கிறார் என்று அறிவியல் டீச்சர் சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர்தான் ஆனந்திபாய்.

பிறப்பும் திருமணமும்

ஆனந்திபாய் 1865ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் பிறந்தார். பம்பாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கல்யாண் என்ற ஊரில் வளர்ந்தார். ஒரு காலத்தில் நிலபுலன்களோடு வாழ்ந்து, பிறகு நொடித்துப்போன பிராமணக் குடும்பம். பெற்றோர் வைத்த பெயர் யமுனா.

ஒன்பது வயதில் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். நம்ம பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அந்த வயசு. மாப்பிள்ளை கோபால்ராவ் ஜோஷி, தபால் இலாகாவில் எழுத்தர். முதல் மனைவியை இழந்தவர். ஆனந்தியை விடக் கிட்டத்தட்ட இருபது வயது பெரியவர். திருமணத்துக்குப் பின் யமுனா என்ற பெயர் ஆனந்தி என்று மாறியது.

அந்தக் காலத்தில் பெண்டாட்டி படிக்கக் கூடாது என்று சண்டை போடும் புருஷன்மார்கள் உண்டு. கோபால்ராவ் அதற்கு நேர் எதிர். பெண்கள் படிக்க வேண்டும் என்பதில் பிடிவாதமானவர். ஆனந்தி புத்தகத்தை விட்டுவிட்டு அடுப்படியில் இருந்தால் அவருக்குக் கோபம் வரும். அடிக்கவும் செய்திருக்கிறார். அவர் நல்லது செய்தாரா கெட்டது செய்தாரா என்று எங்கள் வகுப்பில் இடைவேளை முழுக்கப் பேசினோம். படிக்க வைத்தது நல்லது, அடித்தது தப்பு என்று நான் நினைக்கிறேன். நல்லது செய்தவர் என்பதற்காகத் தப்பை மறைத்து எழுத வேண்டியதில்லை.

பதினாலு வயசு

ஆனந்திக்குப் பதினாலு வயதில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சரியான வைத்தியம் கிடைக்காமல் பத்தே நாளில் அந்தக் குழந்தை இறந்துபோனது.

எனக்கும் இப்போது பதினாலு வயசுதான். இந்த இடத்தை எழுதும்போது கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன்.

அந்தக் காலத்துப் பெண்கள் பலர் ஆண் வைத்தியரிடம் தங்கள் உடம்பைக் காட்டவே மாட்டார்கள். செத்தாலும் சாவோமே தவிர காட்ட மாட்டோம் என்று இருந்தார்கள். பெண் டாக்டரோ மிக மிக அபூர்வம். தன் குழந்தை போனதற்குப் பிறகுதான், தானே டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் ஆனந்தியின் மனதில் உறுதியானது.

மனு தயாரான விதம்

இப்போது மருத்துவக் கல்லூரியில் சேர மதிப்பெண் வேண்டும், நீட் தேர்வு எழுத வேண்டும், சாதிச் சான்றிதழ் வேண்டும் என்று நமக்கு ஒரு பட்டியல் தெரியும். ஆனந்தியிடம் பட்டியலும் இல்லை, சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை. அவர் தயாராவதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஆயின.

1880இல் கோபால்ராவ் ஓர் அமெரிக்கப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். என் மனைவிக்கு மருத்துவம் படிக்க ஆசை, அமெரிக்காவில் எனக்கு ஒரு வேலையும் கிடைக்குமா என்று கேட்டார். மதம் மாறினால் உதவலாம் என்ற மாதிரி பதில் வந்தது. இருவரும் சம்மதிக்கவில்லை. ஆனால் அந்தப் பாதிரியார் இந்தக் கடிதங்களைத் தன் பத்திரிகையில் அச்சிட்டுவிட்டார். நியூஜெர்சி மாநிலத்தில் ரோசல் என்ற ஊரில் இருந்த கார்ப்பெண்டர் என்ற அம்மையார், பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது தற்செயலாக அதைப் படித்தார். உடனே ஆனந்திக்குக் கடிதம் போட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இருவரும் கடிதத்தில் சொந்தக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள்.

கணவருக்கு எந்த ஊருக்கு மாற்றல் வந்தாலும் ஆனந்தி படிப்பை விடவில்லை. சமஸ்கிருதம் படித்தார். ஆங்கிலம் பேசவும் எழுதவும் கற்றுக்கொண்டார். இதற்கிடையில் அவருக்கு அடிக்கடி காய்ச்சல், தலைவலி, மூச்சுத் திணறல் வரும். கார்ப்பெண்டர் அம்மையார் அமெரிக்காவிலிருந்து மருந்து கூட அனுப்பிப் பார்த்தார். பலன் இல்லை.

கடைசியில் கோபால்ராவால் கூடப் போக முடியவில்லை. ஆனந்தி தனியாகவே போவது என்று முடிவானது. ஊர் சும்மா இருக்குமா? கடல் தாண்டினால் சாதியை விட்டுத் தள்ளிவைப்போம் என்றார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆனந்தி ஒரு காரியம் செய்தார். 1883 பிப்ரவரியில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து பேசினார். ஏன் அமெரிக்கா போகிறேன், இந்தியாவில் படிக்க வழி இல்லையா, ஏன் தனியாகப் போகிறேன் என்று ஊர் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்னார். நம்ம சென்னையைப் பற்றியும் அதில் சொன்னார். சென்னையில் பெண்களுக்கு மருத்துவ வகுப்பு இருக்கிறது, ஆனால் அங்கே சொல்லித் தருவது போதாது என்பது அவர் கருத்து. போகும்போது எப்படி இந்துவாகப் போகிறேனோ அப்படியே திரும்பி வருவேன், பெண்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுக்க ஒரு கல்லூரி தொடங்குவேன் என்றும் கூறினார். அந்தப் பேச்சு செய்தியாகப் பரவி, பல இடங்களிலிருந்து பண உதவி வந்தது.

1883 ஏப்ரலில் கல்கத்தாவில் கப்பல் ஏறினார். ஜூன் மாதம் நியூயார்க்கில் இறங்கினார். கார்ப்பெண்டர் அம்மையார் துறைமுகத்துக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார்.

அந்த மனு

அந்த ஜூன் மாதமே, பிலடெல்பியாவில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு ஆனந்தி மனு எழுதினார். 1850இல் பெண்களுக்கென்றே தொடங்கிய கல்லூரி அது.

அவரிடம் என்ன இல்லை என்று முதலில் பார்ப்போம். கல்லூரிப் பட்டம் இல்லை. பணம் இல்லை. உடம்பில் பலம் இல்லை. தாய்மொழியில் எழுத வழி இல்லை. சேர்க்கை விதிகளில் தனக்கு எங்காவது குறை இருக்கலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. என் நிலைமை மற்றவர்கள் மாதிரி அல்ல, அதைக் கருத்தில் கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

என்ன இருந்தது? காரணம் இருந்தது. சொந்தக்காரர்களும் சாதிக்காரர்களும் சேர்ந்து எதிர்த்தும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேனே, அந்த உறுதியே என்னைப் படிப்பை முடிக்க வைக்கும் என்ற பொருளில் எழுதினார். ஆண் மருத்துவரிடம் காட்டுவதை விடச் சாவதே மேல் என்று நினைக்கும் என் நாட்டுப் பெண்களுக்காகவே படிக்க வந்தேன் என்பதையும் எழுதினார். கல்லூரித் தலைவியாக இருந்த ரேச்சல் பாட்லி அம்மையார் அவரைச் சேர்த்துக்கொண்டார். உதவித்தொகையும் கிடைத்தது.

நான் கவனித்தது என்னவென்றால், அந்த மனுவில் பொய்யோ பெருமையோ இல்லை. இருக்கிற குறையைச் சொன்னார், வந்த காரணத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

படிப்பும் பட்டமும்

பிலடெல்பியாவில் குளிர் கடுமை. ஆனந்தி புடவை கட்டுவதையும் சைவச் சாப்பாட்டையும் விடவில்லை. ஏற்கெனவே பலவீனமான உடம்பில் காசநோயும் சேர்ந்துகொண்டது. அப்படியும் படித்தார். ஜப்பானிலிருந்தும் சிரியாவிலிருந்தும் வந்த இரண்டு மாணவிகளோடு, அவரவர் நாட்டு உடையில் அவர் எடுத்துக்கொண்ட 1885ஆம் ஆண்டுப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. பழைய இந்துக்களிடையே பிரசவ மருத்துவம் எப்படி இருந்தது என்பது பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார்.

1886 மார்ச் 11ஆம் நாள் எம்.டி. பட்டம் பெற்றார். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். பட்டமளிப்பு விழாவுக்குக் கோபால்ராவ் வந்திருந்தார். பண்டித ரமாபாயும் வந்திருந்தார்.

மறைவு

1886ஆம் ஆண்டின் கடைசியில் ஊர் திரும்பினார். கோலாப்பூரில் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்கு அவரைப் பொறுப்பாளராக நியமித்திருந்தார்கள். ஆனால் காசநோய் விடவில்லை. 1887 பிப்ரவரி 26ஆம் நாள் பூனாவில் காலமானார். இருபத்திரண்டு வயது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. அவருடைய அஸ்தியைக் கார்ப்பெண்டர் அம்மையாருக்கு அனுப்பி வைத்தார்கள். அவர் அதைத் தங்கள் குடும்பக் கல்லறைத் தோட்டத்திலேயே வைத்தார்.

என் தோழி கேட்ட கேள்வி

இதை எழுதி முடித்ததும் என் பக்கத்தில் உட்காருகிற தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, ஊருக்கு வந்து ஆஸ்பத்திரி வேலையையே பார்க்காம செத்துட்டாங்களே, அப்ப இவ்வளவு கஷ்டப்பட்டதுல என்ன பிரயோசனம் என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன்.

ஆனந்தி பட்டம் வாங்கிய அதே 1886ஆம் ஆண்டு ஜூலை மாதம்தான் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தார். எந்தச் சென்னை போதாது என்று ஆனந்தி சொன்னாரோ, அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912இல் அவர் டாக்டர் ஆனார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். இப்படி ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்து, கடைசியில் எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து நாற்காலியில் ஒரு லேடி டாக்டர் உட்கார்ந்திருந்தார். அதனால் என் அப்பத்தா வாயைத் திறந்தது. இதுதான் பிரயோசனம் என்று காலையில் தோழியிடம் சொன்னேன். அவள் சரி என்று ஒத்துக்கொண்டாள்.

அப்பத்தாவுக்கும் இதைப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, அவ்வளவு தூரத்துல அந்தப் புள்ளைக்கு யாரு சோறாக்கிப் போட்டா என்று கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் பக்கத்தில் இருந்த ரெண்டு பேரிடம், வலியை மறைக்காதீங்க, லேடி டாக்டர் வர்ற நாள் பார்த்துப் போங்க என்று சொல்லியிருக்கிறது.

தோழிகளே, நம்மைப் போல அரசுப் பள்ளியில் படிப்பவர்களுக்கு 2020ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனந்திக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

என் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கு என்று இன்னும் எழுதவில்லை. குறை என்ற இடத்தில் கணக்கு என்றும், ஆங்கிலம் என்றும் எழுதியிருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் அப்பத்தா என்று எழுதியிருக்கிறேன். குறையைச் சரி செய்ய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. நீங்களும் ஒரு மனு எழுதிப் பாருங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி.

உங்களுக்குத் தெரியுமா? வெள்ளிக் கோளில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கு ஆனந்திபாயின் நினைவாக ஜோஷி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.