சித்திரக்காரர் அரவிந்தன்

மலையாள நாட்டில் குடியேறி வாழும் தமிழர்களாகிய நாம், இந்நாட்டுக் கலைஞர்களின் வரலாற்றையும் அறிந்திருத்தல் முறையேயாகும். அவர்களுள் அரவிந்தனைத் திரைப்பட இயக்குநர் என்றே பலர் அறிவர். அதற்கு முன்னரே அவர் ஈட்டியிருந்த சித்திரக்காரர் என்னும் பெயரைக் கொண்டு அவரை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

அரவிந்தன் 1935ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 21ஆம் நாள் கோட்டயத்திற் பிறந்தார். தந்தையார் எம். என். கோவிந்தன் நாயர் நகைச்சுவை எழுத்தாளர். ஆகவே சிரிப்பு அவருக்குக் குடும்பச் சொத்து எனலாம். திருவனந்தபுரத்தில் தாவரவியல் பயின்று, ரப்பர் வாரியத்தில் அலுவலில் அமர்ந்தார். பகலிற் கோப்பும் இரவிற் தூரிகையுமாக வாழ்ந்த உத்தியோகஸ்தர் அவர்; நம் சங்கத்து அன்பர் பலருக்கும் இந்நிலை புதிதன்று.

1961ஆம் ஆண்டில், கோழிக்கோட்டிலிருந்து வெளிவரும் 'மாத்ருபூமி' வார இதழில் அவரது தொடர்சித்திரம் தொடங்கிற்று. 'செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்' என்பது அதன் பெயர். சிறிய மனிதரும் பெரிய உலகமும் என்று பொருள்படும். ராமு என்னும் வேலையற்ற இளைஞனும், அவனோடு உலக விஷயங்களைப் பேசித் திரியும் குருஜியுமே அதன் தலைமை மாந்தர்.

'ஆனந்த விகட'னில் மாலி, கோபுலு ஆகியோரின் படங்களைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்கள் நாம். படம் என்றால் சிரிப்பு வரவேண்டும் என்பது நம் எண்ணம். மலையாள வாசகரின் எண்ணமும் அதுவே. அரவிந்தனின் கட்டங்களிலோ சில வாரங்களிற் சிரிப்பு இராது. இருவர் நடந்துகொண்டே பேசுவர். பேச்சு ஒரு நூலைப் பற்றியோ, வீட்டுக் கவலையைப் பற்றியோ இருக்கும். அவ்வளவுடன் அவ்வாரம் முடிந்துவிடும். இது கேலிச்சித்திரமா, கதையா, இலக்கியமா என்னும் வினா எழுந்ததில் வியப்பில்லை. அரவிந்தன் மிகக் குறைவாகப் பேசுபவர் என்பது ஊரறிந்தது. அவர் தம் படைப்புக்கு உரையெழுதிக்கொண்டிராமல், அடுத்த வாரத்துப் படத்தை வரைந்தார். பன்னிரண்டு ஆண்டுகள், 1973 வரையில், இவ்வாறே சென்றது.

அத்தொடரின் உண்மையான புதுமை வேறொன்று என்பது நம் கருத்து. ஆர். கே. லட்சுமணன் 1951 முதல் வரைந்த சாமானிய மனிதருக்கு வயது ஏறவேயில்லை. டாம்ஸ் வரைந்த போபனும் மோளியும் பல்லாண்டுகள் கழிந்தும் சிறுவர்களாகவே இருந்தனர். ராமு அப்படியல்லன். அவனுக்கு வயது ஏறிற்று, வேலை கிடைத்தது, பணம் வந்தது. பணத்தோடு கூட, தொடக்கத்தில் அவனிடம் இருந்த நேர்மை சிறிது சிறிதாகத் தேய்ந்தது. இன்ன வாரத்தில்தான் கெட்டான் என்று விரல்வைத்துச் சொல்ல இயலாதபடி அவன் மாறினான். பிழைப்புத் தேடி அயலூர் வந்து படிப்படியாக மேலேறிய நம்மவர்க்கு இக்கதை சற்றே உறுத்தத்தான் செய்யும். பிற்கால விமரிசகர்கள் இதனை இந்தியாவின் தொடக்ககாலச் சித்திர நாவல்களுள் ஒன்றாக மதித்தனர். படங்கள் பின்னர் நூலாகவும் தொகுக்கப்பெற்றன.

கோழிக்கோட்டு நண்பர்களான திக்கோடியன், பட்டத்துவிள கருணாகரன் முதலியோரின் துணையோடு 1974இல் 'உத்தராயணம்' என்னும் முதற் படத்தை எடுத்தார். அதன் நாயகனும் வேலை தேடும் இளைஞனே. ராமுவின் உறவினன் என்று சொல்லத் தோன்றுகிறது. 1977இல் வந்த 'காஞ்சன சீதா'வில் ஆந்திரக் காட்டில் வாழும் செஞ்சு மக்களை இராமனாகவும் இலக்குவனாகவும் நடிக்கச் செய்தார். பழகிய கோலத்தில் இராமனைக் காண விரும்பிய சிலருக்கு அது உவப்பாயில்லை. எனினும் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. தம்பு, கும்மாட்டி, போக்குவெயில் முதலிய படங்களும் வந்தன. இசையிலும் நாடகத்திலும் அவருக்கிருந்த ஈடுபாட்டை விரிக்க இங்கே இடமில்லை.

நம்மவர் தவறாது காணவேண்டியது, 1985ஆம் ஆண்டின் சிறந்த படமென்று தேசிய விருது பெற்ற 'சிதம்பரம்'. சி. வி. ஸ்ரீராமனின் கதை அது. மலைப்பண்ணைத் தொழிலாளி முனியாண்டி தமிழகத்திலிருந்து சிவகாமியை மணமுடித்து அழைத்துவருகிறான். மேலதிகாரி சங்கரன் அவனுக்கு நண்பன் போலப் பழகியே துரோகம் செய்கிறான். முனியாண்டி உயிரை மாய்த்துக்கொள்கிறான். மனச்சான்று துரத்த ஊர் ஊராக அலையும் சங்கரன், இறுதியில் தில்லைக் கோயில் வாயிலிற் செருப்புகளைக் காத்து அமர்ந்திருக்கும் சிவகாமியைக் காண்கிறான். ராமுவிடம் மெல்ல மங்கிய அதே மனச்சான்று இங்கே ஒருவனை உறங்கவிடாமல் வாட்டுகிறது.

1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அரவிந்தன், 1991ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போது வயது ஐம்பத்தாறு. எர்ணாகுளத்திலும் மட்டாஞ்சேரியிலும் பள்ளியில் மலையாளம் பயிலும் நம் பிள்ளைகள், ராமுவின் கதைத் தொகுதியை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பெரியவர்களுக்குப் பொருள் சொல்லுவார்களாயின் நன்று.